தவளையின் பேரைக் கேட்டார்கள்

— ஒரு மனுஷனோட பேருக்கு, நாம நடத்துற இணையக் கூடத்தோட ஒரு வருஷ சர்வர் வாடகை, மச்சான். அதுதான் விலை. நேத்து சாயங்காலம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜரம்மா போன்ல சொன்னாங்க.

— ஒரே ஒரு வருஷமா? ரொம்ப மலிவா இருக்கே. பழைய லேப்டாப் விக்கிறவன் நான், கீறல் விழுந்த திரைக்கே இதைவிட நல்லாப் பேரம் பேசுவேன். நீ என்ன சொன்னே, மாப்பிள்ளை?

— முதல்ல ஷட்டரை இறக்கு.

— மத்தியானம் நாலு பேர் வர்ற நேரம்ப்பா.

— பாதியாவது இறக்கு. எதிர்ல பைக்ல ரெண்டு பேர் உக்காந்திருக்கானுங்க.

— அவனுங்களா? அதுல ஒருத்தன் காலைலயே உள்ள வந்தான். சார்ஜர் என்ன விலைன்னு கேட்டான். சொன்னேன். காதுலயே வாங்கல. வாங்க வந்தவன் சரக்கைப் பாப்பான், இவன் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். போகும்போது கடைப் பலகையைப் படம் எடுத்துக்கிட்டான். சரி, இறக்கிட்டேன். நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. ஸ்க்ரூ கொட்டிக் கிடக்கு, கால் ஜாக்கிரதை.

— காலைலயேவா வந்தான்?

— ஆமா, கடை திறந்த கையோட. உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடுதே.

— உன் போன் எங்கே?

— கல்லாப்பெட்டியில தூங்குது. நீதானே நேத்து ராத்திரி கூப்பிட்டு, கூடத்துப் பக்கம் எட்டிப் பாக்காதே, பாத்தா உனக்குக் கொதிப்பு ஏறும், போனை அணைச்சு வைன்னு சொன்னே. அணைச்சேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல தூக்கம்.

— அப்படியே இருக்கட்டும். இப்ப எடுக்காதே.

— எடுக்கல. நீ மேனேஜரம்மா கதையைச் சொல்லு.

— மரியாதையாத்தான் பேசினாங்க. கூடத்துல இருபதாயிரம் ப்ரோகிராமர் இருக்காங்களாம், அதுல அவங்க கம்பெனி ஆளுங்க நிறையப் பேராம், எல்லாரும் வேலையை விட்டுட்டு அங்க சண்டை போடுறாங்களாம். தவளைங்கிற புனைபேர்ல எழுதுற அந்த ஆள் யாருன்னு மட்டும் சொல்லிட்டா வாடகையையும் கட்டிடுவோம், உங்க குடும்பத்துப் பக்கமும் யாரும் வர மாட்டாங்கன்னாங்க. குடும்பத்தைப் பத்தி நான் பேச்சே எடுக்கல, மச்சான். அவங்களா எடுத்தாங்க.

— சொல்லாட்டி?

— சொல்லாட்டின்னு ஒரு வார்த்தை அவங்க சொல்லவே இல்ல. நாளைக்கு சாயங்காலம் பேரைக் கூடத்துல எல்லாரும் பாக்குற மாதிரி போடப் போறோம்னு மட்டும் சொன்னாங்க. நேத்து சொன்ன நாளைக்கு, இன்னிக்கு.

— அந்தத் தவளை அப்படி யார் குடியைக் கெடுத்தான்? தேர்தல் முடிவு வந்த அன்னிக்கு ரெண்டு வரி எழுதினான். ஜெயிச்சவங்களுக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன், நீங்க நடுராத்திரி அழுதுக்கிட்டுக் கொண்டு வர்ற ப்ரோகிராமையெல்லாம் திருத்திக் கொடுக்கிறதும் இதே கைதான்னு. அவ்வளவுதானே?

— அதுக்குக் கீழே முதல் பதில் போட்டது யாரு? 'அந்தக் கையைக் கழுவிட்டு வா'ன்னு போட்டியே, ஆயிரம் பேர் கைதட்டினானுங்க. தீ அங்கேதான் பத்திக்கிச்சு.

— போட்டேன். இப்பவும் போடுவேன். என் கட்சி தோத்த அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல, இவன் வந்து கையைக் காட்டுறான். ஆனா இந்தா பாரு, கழுவிட்டு வான்னுதான் சொன்னேன். வெட்டிட்டு வான்னு சொல்லல.

— கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மச்சான்.

— தெரியாதுதான். இத்தனைக்கும் அவன் நேத்து வரைக்கும் அந்தத் திருத்துற வேலையை நிறுத்தலேன்னு கேள்வி.

— காலைல கூட ஒரு பொண்ணுக்குப் பதில் போட்டிருக்கான். அவனைத் தூக்கில போடணும்னு முந்தாநாள் எழுதின பொண்ணு. அவ கேட்ட சந்தேகத்துக்குப் பொறுமையா, வரி வரியா விளக்கம். கடைசியில, 'ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்க'ன்னு.

— ஓடிச்சா?

— ஓடிச்சு. நன்றி சொல்லல.

— இவ்வளவு சொல்ற நீயே அவனைப் பிடிச்சுக் கொடுக்கலாம்னு வந்திருக்கே. நீ போட்டதும் அதே ஓட்டு, மாப்பிள்ளை.

— மெதுவாப் பேசு.

— கடையில நாம ரெண்டு பேரும், செத்துப்போன பத்து லேப்டாப்பும்தான் இருக்கோம்.

— இருந்தாலும் மெதுவாப் பேசு. அந்த ஓட்டுதான் பயமே. நான்தான் தவளைன்னு பாதிப் பேர் முடிவு பண்ணிட்டானுங்க. கூடத்துச் சாவி கையில இருக்கு, அதான் தைரியமா எழுதுறான்னு பேச்சு. பக்கத்துக் குழுவுல குருவின்னு ஒரு பொண்ணு இருந்ததே, ஞாபகம் இருக்கா? அவ பேரை வெளியே விட்டாங்க. வேலை போச்சு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். வாசல் கதவுல யாரோ பெயின்ட்ல எழுதியிருந்தாங்க, அதைச் சுரண்டிக்கிட்டிருக்கும்போதே இன்னொரு படம் எடுத்துப் போட்டாங்க.

— அவ எங்க பக்கம். பேரை விட்டது உங்க பக்கத்து ஆளுங்க.

— உங்க பக்கம், எங்க பக்கம்னு இப்பப் பேசாதே. அவ இப்ப எந்தப் பக்கம் இருக்கான்னு யாருக்கும் தெரியாது. ஒரு வாக்கியம் கூட எழுதுறதில்ல. மச்சான், உன் பென் டிரைவை எடு. என்னோடது இந்தா, சாவிக்கொத்துலயே இருக்கு. ரெண்டு சாவியையும் சேத்துச் சொருகினா நிஜப் பேர் இருக்கிற பெட்டி திறக்கும். ஒரு பேரைப் பாக்குறோம், மூடுறோம்.

— ரெண்டு சாவி எதுக்கு வச்சோம்? அதைச் சொல்லு முதல்ல.

— இப்ப எதுக்கு அந்தக் கதை?

— சொல்லு. கேட்டு நாளாச்சு.

— நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. யாரையாவது வெளியே தள்ளணும்னாலோ, யாரோட நிஜப் பேரையாவது பாக்கணும்னாலோ ரெண்டு பேரும் சம்மதிக்கணும். ஒருத்தனுக்குக் கோபம் வந்தா இன்னொருத்தனுக்கு வராது. அதான்.

— அதான். பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூட ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கோபம் வரல. வியாபாரம் நல்லாப் போச்சு.

— எனக்கு இப்பக் கோபம் இல்ல, மச்சான். பயம்.

— ரெண்டும் ஒரே கடைச் சரக்குதான், பொட்டலம்தான் வேற. நான் சொருக மாட்டேன். டீ சொல்லவா?

— டீ வேண்டாம். என் போன்ல இதைப் பாரு.

— என்ன இது? ஸ்கூல் கேட் படம்.

— நல்லாப் பாரு.

— மஞ்சப் பை. நான் வாங்கிக் கொடுத்த பை. இது நம்ம பாப்பா.

— நேத்து ராத்திரி கூடத்துல போட்டிருந்தானுங்க. கீழே 'சாவிக்காரன் பொண்ணு' அவ்வளவுதான். திட்டு இல்ல, மிரட்டல் இல்ல. மணி அடிச்சு அவ வெளியே வர்ற நேரம் மட்டும் போட்டிருந்தது. நான் அழிச்சேன். திரும்பப் போட்டானுங்க. அழிச்சேன். உன் தங்கச்சி பக்கத்துல உக்காந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டு, என்ன அப்படி முறைச்சு முறைச்சுப் பாக்குறீங்க, மேட்ச்சா நடக்குதுன்னு கேட்டா. ஆமா, மேட்ச்சுதான்னேன். இன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுலயே வச்சிருக்கேன். அவளுக்குக் காய்ச்சல் இல்ல. எனக்குத்தான் இருக்கு.

— இதை ஏன் வந்தவுடனே காட்டல?

— உன் மூஞ்சி இப்படி ஆகும்னு தெரியும். அதான்.

— அந்த டப்பாவைத் தள்ளு. என் பென் டிரைவ் ஸ்க்ரூவுக்கு அடியில கிடக்கும். இதோ. உன்னோடதையும் கொடு.

— சொருகிட்டேன். பாஸ்வேர்டு போடு. சீக்கிரம், மச்சான், பைக் சத்தம் கேக்குது.

— பால்காரன் வண்டி அது. இந்தா, பெட்டி திறந்தாச்சு. தேடு.

— தவளை, தவளை… இங்கே இருக்கு. பேர் இருக்கிற இடம் காலியா இருக்கே.

— மேலே போ.

— காலி. இதுவும் காலி. இதுவும். என்னது இது? இருபதாயிரம் வரி ஓடுது, ஒண்ணுல கூடப் பேர் இல்ல. யாராவது புகுந்து அழிச்சுட்டானா?

— எழுதினாத்தானே அழிக்கிறதுக்கு? சேர்றவங்க பேர் எழுதுற நிரலை எழுதினது நான். பேரைக் கேக்கும். சரிபாக்க அனுப்புற மெயிலுக்குப் பதில் வந்ததும் அந்தப் பேரைக் குப்பையில போட்டுடும். முதல் நாள்லேருந்தே அப்படித்தான்.

— பதினோரு வருஷமா காலிப் பெட்டிக்கா ரெண்டு சாவி?

— பூட்டு பெரிசா இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு எவனும் நம்புவான். எங்கப்பா கடையில கல்லாவுக்கு இரும்புப் பூட்டு, பணம் அரிசி மூட்டைக்குள்ள. என்னையும் நான் நம்பல, மாப்பிள்ளை. என் கட்சி தோத்த ராத்திரி இந்தப் பெட்டியில பேர் இருந்திருந்தா, ஒத்தை ஆளா சுத்தியலால உடைச்சிருப்பேன். உன்னையும் நம்பல. தங்கச்சியைக் கொடுக்கிற அளவுக்கு நம்பினேன். இருபதாயிரம் பேரோட பேரைக் கொடுக்கிற அளவுக்கு நம்பல. கோபப்படாதே.

— கடைசியில ரெண்டு வரி இருக்கு. இதுல பேர் இருக்கு.

— சர்வர் எடுக்கும்போது பொறுப்பாளர் பேர் கேட்டாங்க. அது மட்டும் பொய் சொல்ல முடியல. ஒண்ணு உன்னோடது, இன்னொண்ணு என்னோடது. மொத்தக் கூடத்துலயும் நிஜப் பேர் அவ்வளவுதான். மேனேஜரம்மாவைக் கூப்பிடு. சரக்கு இல்லேன்னு சொல்லு. இல்லாத சரக்கை யாரும் பறிக்க முடியாது.

— மச்சான்.

— சொல்லு.

— அவங்களுக்கு ஒரு பேர் கொடுத்துட்டேன்.

— எந்தப் பேரை? உனக்குத்தான் எதுவும் தெரியாதே.

— நேத்து ராத்திரி. அந்தப் படம் மூணாவது தடவை வந்ததும். நானே மேனேஜரம்மாவைக் கூப்பிட்டேன். என் பேரைச் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன், சத்தியமா. பாப்பா உள்ள தூக்கத்துல இருமினா. உன் பேர் வந்துடுச்சு.

— என்னைத் தவளைன்னா? கையைக் கழுவிட்டு வான்னு எழுதினவனையா? நம்பினாங்களா?

— தன்னைத்தானே திட்டிக்கிட்டு ஒளிஞ்சிருக்கான்னு சொன்னேன்.

— அடேயப்பா. இதை வியாபாரத்துல காட்டியிருந்தா எங்கேயோ போயிருப்பே.

— அதான் உன்னைப் போனை அணைக்கச் சொன்னேன். இன்னிக்கு நிஜமான ஆளைக் கண்டுபிடிச்சு, தப்பாச் சொல்லிட்டேன், இவன்தான்னு மாத்திடலாம்னு ஓடி வந்தேன். சாயங்காலம் வரைக்கும் பேர் அவங்க கூடவே இருக்கும்னு சொன்னாங்க, மச்சான். அப்படித்தான் சொன்னாங்க.

— அதான் சார்ஜர் விலையைக் காதுல வாங்கல அவன்.

— ஏதாவது திட்டு.

— வாடகை?

— காலைலயே கட்டிட்டாங்க.

— தங்கச்சிக்குத் தெரியுமா?

— தெரியாது.

— தெரிய வேண்டாம். பின்பக்கம் கழிவறையை ஒட்டி ஒரு கதவு இருக்கு, தாழ்ப்பாள் இறுக்கம், தோளால தள்ளு. உன் பென் டிரைவை எடுத்துக்கோ. வீட்டுக்குப் போனதும் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுக் கொஞ்ச நாள் எங்கேயாவது போய் இரு.

— பைக்கை நிறுத்திட்டானுங்க. இறங்கி வர்றானுங்க. நீயும் வா, மச்சான்.

— கடைப் பலகையில என் பேர் கொட்டை எழுத்துல இருக்கு, அதைக் கழட்டிக்கிட்டா ஓட முடியும்? ஷட்டரை ஏத்துறேன். இருட்டுல கணக்கு பாத்து எனக்குப் பழக்கம் இல்ல.

— மச்சான்…

— கேட்டுக்கோ. கையிருப்பு ரெண்டு பேர். ஒரு வருஷ வாடகைக்கு வித்தது ஒண்ணு. மிச்சம் ஒண்ணு, அது உன்னோடது. அடுத்த வருஷ வாடகைக்கும் அந்தம்மா கூப்பிடுவாங்க, மாப்பிள்ளை.