நாற்பத்தெட்டில் இரண்டு

மேசையில் இருக்கும் அந்தப் பெட்டியை ஈரம் படாத இடத்தில் வையுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பழசு. கெட்டுப்போனால் சரிசெய்ய இப்போது ஆளில்லை.

அது இயந்திரத்தின் அதிர்வைப் பிரித்துப் பார்க்கும் கருவி. இன்றைய கருவிகள் எல்லா அதிர்வெண்களையும் ஒரே திரையில் காட்டிவிடும். இதில் குமிழைத் திருகி ஓர் அதிர்வெண்ணில் நிறுத்தினால், மற்றதையெல்லாம் வடிகட்டிவிட்டு அதன் அளவை மட்டும் முள் காட்டும். அடுத்ததற்கு மறுபடி திருக வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு இருந்தது. முப்பது வருடமாகக் குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குவாரிகளில் எந்த இயந்திரம் ஓடலாம், எது கூடாது என்று சொன்னவன் இந்த ஏகாம்பரம்தான்.

ஆத்மநாதன், கல்லை எம்-சாண்ட் மணலாக அரைக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். நல்ல மனிதர். அன்று அதைச் சோதிக்க நான் போனபோது, குவாரி முதலாளி முன்னால் சொன்னார்:

"ஒரு வாரமா சத்தம் மாறியிருக்குண்ணே. தண்டுல விரிசல் விட்டிருக்கும்னு தோணுது. இதுக்குப் பெட்டி எதுக்கு? இங்கிட்டு நின்னு கேட்டாலே தெரியுதே."

முதலாளி சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு கையால் பெட்டியின் உணரியை இயந்திரத்தின் மேல் அழுத்திப் பிடித்து மறு கையால் குமிழைத் திருகுவதால் என்னால் எழுத முடியாது. நான் எண்ணைச் சொல்வேன், ஓட்டுபவர் நோட்டில் எழுதுவார். இயந்திரத்தைச் சுழற்றும் அந்தத் தண்டு நொடிக்கு இருபத்துநான்கு சுற்று சுற்றும். விரிசல் இருந்தால் அதன் இரட்டிப்பில், நாற்பத்தெட்டில், முள் எழும். எழுந்தது. அளவு மூன்றைத் தாண்டினாலே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்; முள் எட்டில் நின்றது.

"நாப்பத்தெட்டுல ரெண்டு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டுதானாண்ணே?"

"ரெண்டுதான்."

"அப்ப எங் காதுதான் கெட்டுப்போச்சு" என்று எழுதிக்கொண்டார். அதைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது.

நான்காம் நாள் தண்டு முறிந்தது. மூடியை உடைத்துக்கொண்டு வந்த இரும்பு அவர் நெஞ்சில் பாய்ந்தது. துக்க வீட்டில் அவர் மனைவி அமராவதி கேட்டார், "நீங்க பாத்துட்டுத்தானேண்ணே ஓட்டச் சொன்னீங்க?" நோட்டைக் காட்டினேன். கணவரின் கையெழுத்தைத் தடவிப் பார்த்து அழுதார்.

முள்ளைத் தவறாகப் பார்த்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. முப்பது வருடத்தில் ஒரு முறைகூட நான் தவறாகப் பார்த்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு என்று தெரிந்துதான் இரண்டு என்றேன். எட்டு என்று சொல்லியிருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார். ஆனால் அவர் சொன்னது சரி என்றல்லவா ஆகியிருக்கும்.