சடைச்சி பெஞ்சு

ரொம்பக் காலம் முந்தி, 1936 சித்திரை மாசம், காலை பத்தேகால் மணி. வேட்டனேரி ஜங்ஷன்ல ஏரிக்கரையில நின்னவங்க அறுபத்து மூணு பேராம். தண்ணியில இறங்கினது ஒருத்தி. பேரு சடைச்சி. எங்க பூட்டனுக்கு அக்கா.

ஏரியில தாமரைக் கிழங்கு எடுக்கிறது அவ பிழைப்பு. கோடையில துரைமாரும் ஜமீன்தார்களும் படகு சவாரிக்கு வருவாங்க. ஈரச் சேலையோட இவ கரையேறுறது அவங்க கண்ணுக்கு ஆகல. படகு கிளப் மேனேஜர் நீளமான தேக்குப் பலகையில எழுதி நட்டாராம்: 'ஏரியில் இறங்கக் கூடாது.' பங்குனி முழுக்க சடைச்சி வீட்டு அடுப்பு ஒரு வேளைதான் எரிஞ்சதாம்.

அன்னைக்கு டவுன்லேருந்து ரயில் வந்தது. அப்ப ஒத்தைத் தடம். பிரம்பு வளையத்துல கட்டின பைக்குள்ள ஒரு இரும்புப் பந்து, வர்ற ரயில்ல வரும். அதை ஸ்டேஷன் மிஷின்ல போட்டாத்தான் எதிர் வண்டி கிளம்பலாம். வளையத்தைப் பிளாட்பாரத்துல வீச வேண்டியவன் எஞ்சின்ல கரி அள்ளிப் போடுற ஃபயர்மேன் லாசர். படகுல குடை பிடிச்ச சீமாட்டியப் பார்த்துக்கிட்டே வீசினானாம். வளையம் பிளாட்பாரத்தை ஒட்டின ஏரிக்குள்ள போச்சு.

டவுனுக்குப் போகக் காத்திருந்த வண்டியில ஒச்சம்மான்னு ஒரு பொண்ணு. பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்குன்னு மருத்துவச்சி கைவிரிச்சுட்டா. ஆஸ்பத்திரி டவுன்லதான்.

"பந்து இல்லாம அனுப்பணும்னா, டவுன்லேருந்து ஆள் வந்து அனுமதி எழுதிக் கொடுக்க நாலு மணி நேரம் ஆகும்"னாராம் ஸ்டேஷன் மாஸ்டர்.

படகுக்காரங்க கழியால துழாவினாங்க. சேறுதான் வந்தது. மேனேஜர் சடைச்சிகிட்ட ஓடினார்.

"இறங்கும்மா."

"போர்டு இருக்கே எசமான்."

"இன்னைக்கு இல்ல."

"நாளைக்கு?"

வண்டிக்குள்ள ஒச்சம்மா அலறினா. சடைச்சி பதிலுக்குக் காத்திருக்கல, குதிச்சுட்டா.

ஒரு முழுக்கு, ஒண்ணுமில்ல. ரெண்டாம் முழுக்கு, தாமரைக் கொடி. மூணாம் முழுக்குல வளையத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தாளாம். கரையில பலகையக் காணோம். லாசர் அதைப் பிடுங்கித் தோள்ல வெச்சிருந்தான்.

பந்து உள்ள போச்சு. மிஷின் மணி அடிச்சது. வண்டி கிளம்பிருச்சு.

சாயங்காலம் தந்தி வந்தது: தாயும் பிள்ளையும் சுகம். ஸ்டேஷன் மாஸ்டர் அதை மூணு தடவை உரக்கப் படிச்சாராம்.

மறுநாள் மேனேஜர் வந்து கேட்டார், "என் போர்டு எங்க?"

"எந்த போர்டு?"ன்னார் ஸ்டேஷன் மாஸ்டர். எழுத்துப் பக்கம் கீழ இருக்க, லாசர் அடிச்சு வெச்ச பெஞ்சு மேலதான் உக்காந்திருந்தாராம். ஏரியில சடைச்சி கிழங்கு எடுத்துக்கிட்டிருந்தா.

அதுக்குப் பேரு சடைச்சி பெஞ்சு. குனிஞ்சு பார்த்தா எழுத்து தெரியும்.

1997 ஆகஸ்ட் 14-ல அகல ரயில் பாதை வந்தது. பந்தையும் வளையத்தையும் மிஷினையும் எடுத்துட்டுப் போனாங்க. பெஞ்சை எடுக்கல.