பாலத்தில் நின்றவள் கேட்டது

அன்று தேவாலயத்தின் பின்னறையில் இருந்தவர்கள் நான்கே பேர். ஆம்ப்ரோஸ் ஹக்ஸ்டபிள். அவர் தங்கை எடித். குருவானவர் லவரிங். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் பெல்யூ. ஐந்தாவது ஆள் கிடையாது. ‘நானும் அங்கேதான் இருந்தேன்’ என்று பின்னால் கதை அளந்தவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் மதுக்கடையில் இருந்தார்கள். விளக்கைத் தாழ்த்திவிட்டு, கிட்டே வந்து உட்கார்ந்து கேளுங்கள். இது எடித்தின் வாயிலிருந்து வந்தது. அவர் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

நவம்பர். மாலை நாலரை. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மழை விட்டு, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது...

பெல்யூ ஆஷ்வெரி சேகரத்தின் சரித்திரத்தை எழுதி முடித்திருந்தார். ஒரு கோயிலுக்கு அடங்கிய ஊர், வயல், மனிதர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் சேகரம். ஈஸ்டருக்குள் புத்தகம் அச்சாகிவிடும். அதற்கு முன் ஓர் அத்தியாயத்தை ஹக்ஸ்டபிள் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவதுதான் முறை என்று குருவானவர் சொல்லியிருந்தார்.

வாசித்தார்.

1818, ஜனவரி. தாமசின் லே என்று ஒரு பெண். நிறைமாதம். எங்கிருந்தோ நடந்து வந்து ஆஷ்வெரியில் ஒரு தொழுவத்தில் படுத்துவிட்டாள். அந்தக் காலச் சட்டம் அப்படி: பிள்ளை எந்தச் சேகரத்து மண்ணில் விழுகிறதோ, அந்தச் சேகரம்தான் அதற்குச் சோறு போட வேண்டும். அந்த வருடம் ஏழைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஜான் ஹக்ஸ்டபிள், ஆம்ப்ரோஸின் முப்பாட்டனார். வலி கண்டிருந்தவளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போய், ஆற்றுப் பாலத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினார். விடிந்தபோது இரண்டு உயிரும் இல்லை.

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். அந்த அறைக்கு அவர் உயரம் அதிகம். ஐந்து தலைமுறையாகக் கோயில் நிர்வாகம் பார்த்த வீடு அது.

அவர் கேட்டது ஒரே ஒரு வரித் திருத்தம். முப்பாட்டனார் அவளைக் கொண்டுபோனதை அவர் மறுக்கவில்லை. அன்றைக்கு எல்லாச் சேகரத்திலும் நடந்ததுதான். ஆனால் நடுப்பாலம்தான் எல்லை. அதைத் தாண்டி, நெதர்மூர் சேகரத்துப் பக்கத்தில்தான் அவளை இறக்கினார். ஹக்ஸ்டபிள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வருவது அதுதான். நடுவைத் தாண்டியிருந்தால், அவளைக் காப்பாற்றாத பழி நெதர்மூருக்கு. தாண்டவில்லை என்றால்... வலியோடு துடித்தவளைச் சொந்த மண்ணிலேயே போட்டுவிட்டு வந்தவர் என்று அச்சில் ஏறும். இருக்கும்வரை இருக்கும்.

எல்லை எது என்று காட்ட ஒரு காகிதமும் கிடைக்கவில்லை, இல்லாததை எழுத முடியாது என்றார் பெல்யூ.

“பதினோரு வருஷம் முன்னாடி ரெண்டு பெட்டியோட ரயில்ல வந்து இறங்கின ஆளு நீரு. எங்க வம்சத்தை எடை போட வந்துட்டீரோ?”

பெல்யூ அசரவில்லை. “நான் ஒண்ணும் இட்டுக்கட்டலைங்க. சேகரத்துக் கணக்குப் புத்தகத்துல உங்க முப்பாட்டன் கையெழுத்தைத்தான் வாசிச்சேன். அவரே ‘பாலத்துல’ன்னுதான் எழுதியிருக்காரு.”

எடித் அண்ணனின் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். காலையில் பாலத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்றார். ஆம்ப்ரோஸ் உதறிவிட்டு மேல்கோட்டை மாட்டினார்.

“இப்பவே போய் நடுப்பாலம் எதுன்னு அடி அடியா அளந்துட்டு வர்றேன். நாளைக்கு உம்ம பேனா அதைத்தான் எழுதும்.”

போய்விட்டார். கையில் ஒரு டார்ச் விளக்கு, ஓர் அளவு நாடா.

இரண்டு மைல். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலி. பனியில் டார்ச் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. அழுகிய ஆப்பிள் வாசனை... நனைந்த ஆட்டு ரோமத்தின் வாசனை. வழியெல்லாம் பெல்யூவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம்.

கீ... ச்.

எண்ணெய் காணாத சக்கரம். ஒரு சுற்றுக்கு ஒரு தரம். அவர் நின்றார். அது இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு... நின்றது.

மதுக்கடைப் பயல்களின் சேட்டை என்று நினைத்தார். கோபம் நிறைந்திருந்த மனதில் பயம் நுழைய இடமில்லை.

பாலத்துக்கு வந்தார். ஆற்றின் மேல் மட்டும் பனி விலகி, மங்கலாக நிலா வெளிச்சம் இருந்தது. அந்தக் கோடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பெண். முக்காடு. ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றுக்கு அடியில். பாதி குனிந்து நின்றாள். மூச்சு மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. ஈர வைக்கோல் வாசனை அடித்தது.

“ஐயா... இது எந்தச் சேகரம்?”

இந்த இடத்தில் எடித் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார். ஆம்ப்ரோஸ் கல்நெஞ்சர் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் மனைவியைப் பனிக்குள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். வேறு எந்த மாலையாக இருந்தாலும் கோட்டைக் கழற்றிப் போர்த்தியிருப்பார். ஆனால் இரண்டு மைலாக வாய்க்குள் கொதித்துக்கொண்டிருந்தது ஒரே பதில். அவள் கேட்டதோ அந்தப் பதிலுக்கான கேள்வி.

“நீ நிக்கறது நெதர்மூர். நடுப்பாலத்தைத் தாண்டிட்ட. எங்க சேகரம் இல்ல.”

அவள் அழவில்லை. கெஞ்சவில்லை.

“சரிங்க ஐயா,” என்றாள். மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்... இதை முன்பே கேட்டுப் பழகியவள் போல.

அப்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. ஓடினார். டார்ச்சைத் திருப்பினார். யாரும் இல்லை. சுவர் முழுக்க ஈரம், பனிக்கட்டிச் சில்லிப்பு. ஒரே ஓர் இடம், ஓர் உள்ளங்கை அளவு, காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கை அதன் மேல் இருக்கும்போதே அது மெல்ல ஆறியது.

பின்னால், ஆஷ்வெரிப் பாதையில், அந்தச் சக்கரம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது வேகமாக. பாரம் இறக்கிய வண்டி போல.

ஏழு மணிக்கு வீடு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி எல்லாவற்றையும் எடித்திடம் சொன்னார். பிறகு சாகும்வரை, ஒன்பது வருடம், அந்த வரியைத் திருத்தச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பாலத்தை மிதிக்காமல், சந்தைக்குப் போக நாலு மைல் சுற்றிப் போனார்.

மறுநாள் காலை குருவானவரும் பெல்யூவும் எடித்தும் பாலத்துக்குப் போனார்கள். அக்கரையில் கொடி மூடிக் கிடந்த ஓர் எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பக்க முகத்தில் ஆஷ்வெரியின் முதல் எழுத்து. அந்தப் பக்க முகத்தில் நெதர்மூரின் முதல் எழுத்து.

மதுக்கடையில் இன்றைக்கும் ஒன்று சொல்கிறார்கள். கல் முதலில் நடுப்பாலத்தில்தான் இருந்ததாம். அன்று இரவு அவள்தான் அதை அக்கரைக்கு நகர்த்திவிட்டாளாம். ஹக்ஸ்டபிள் வீட்டுக்குச் சாதகமான பேச்சுதான். இருந்தாலும் பொய். கொடியை வெட்டியது எடித்தின் கை. வேர் கல்லின் வெடிப்புக்குள் விரல் பருமனுக்கு இறங்கியிருந்தது. கல் நகரவே இல்லை. பாலம் முடிந்து, அதற்கு அப்பால் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிறது. பாலம் முழுவதும் எங்கள் சேகரம்.