நாலாவது வரி

இல்லம்மா, பேச்சுப் பயிற்சியெல்லாம் நீ சொல்லிக்குடுத்த மாதிரியேதான் செய்றேன். அஞ்சு மாசத்துல ஒரு நாள் தவறல. நாலு மணிக்கு வருவேன், ஜன்னலோரமா அவர் கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டுப்பேன். பாட்டைச் சொல்லுவேன், கடைசி வரிக்கு முன்னாடி நிறுத்திட்டு அவர் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், என்ன சத்தம் வந்துச்சுன்னு நீ குடுத்த தாள்ல அன்னன்னைக்குக் கட்டத்துல எழுதி வெப்பேன். பேச்சு போனவங்களுக்கும் பழகின பாட்டு தானா வந்துடும்னு நீதானே சொன்ன. வரல. நான் என்ன பண்ணட்டும்?

பொண்ணு கேக்குறாளா, அப்பா ஏன் இன்னும் பேசலன்னு? கேப்பா, பெத்தவராச்சே. அவதான் என்னைத் தேடிப் பிடிச்சா. அப்பா கவிதையை உங்க அளவுக்குப் படிக்க ஆள் கிடையாது ஆண்ட்டின்னா. வாஸ்தவம்தான்.

அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. அவருக்குக் காது நல்லாவே கேக்கும்.

இருபத்திரண்டு வருஷம் அவருக்குக் கீழ வேலை பாத்தேன். கல்லூரியில தமிழ்த் துறைத் தலைவர். படிக்கிற பொண்ணுங்க வெச்ச பேரு வெண்கலம். அப்படி ஒரு குரல். வராந்தாவுல இருமினாக்கூட நாலு வகுப்பு எழுந்து நிக்கும். இப்ப தண்ணி வேணும்னா கட்டில் கம்பியைத் தட்டுறார்.

நான் எடுத்தது யாப்பு. எதுகை, மோனை. ஒண்ணுமில்லம்மா, முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒத்து வந்தா எதுகை. புத்தகத்துல இருந்த உதாரணத்துக்கெல்லாம் பொண்ணுங்க கொட்டாவி விட்டாங்க. அதனால நானே எழுதிப் போட ஆரம்பிச்சேன். வகுப்புக்கு ஒரு நாலு வரி. மூணு வரி எழுதிட்டு சாக்பீஸைக் கீழ வெச்சுடுவேன். அதே சத்தம் மூணு தடவை தட்டிடுச்சுன்னா நாலாவதுக்குக் காது ஏங்கிப் போய்டும். பின் வரிசையில பேசிக்கிட்டிருக்கறவளும் திரும்பிப் பாப்பா. அப்பதான் நாலாவதைப் போடுவேன்.

அடுத்தது கணக்கு வகுப்பு. அந்த சார் வரதுக்குள்ள பலகை சுத்தமா இருக்கணும். அழிச்சுட்டு வந்துடுவேன். நகல் வெச்சுக்கணும்னு தோணவே இல்ல. முட்டாள்தனம்தான். உதாரணத்தை யாராவது பத்திரப்படுத்துவாங்களா?

வீட்டுக்காரர் போய் ரெண்டு மாசம் ஆகியிருந்தது. அன்னைக்கு என் கை எழுதினது இது.

கதவு திறந்தது காற்று வந்தது
பதறி எழுந்தது பாதித் தூக்கம்
உதறிய போர்வையில் உன்மணம் இல்லை

வழக்கமா நிறுத்துற இடத்துல நிறுத்தாம நாலாவதும் எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான் என்ன எழுதியிருக்கேன்னு படிச்சுப் பாத்தேன். நாப்பது பொண்ணுங்க முன்னாடி. யாரும் தலை நிமிர்றதுக்குள்ள கையாலயே அழிச்சேன், டஸ்டரைக்கூடத் தேடல. பலகையைப் பாத்து எழுதிக்கிற பொண்ணுங்க நோட்டுல மூணு வரியோட நின்னுபோச்சு.

மாசா மாசம் அந்த நோட்டையெல்லாம் வாங்கிப் பாக்கறது யாரு? தலைவர். ஒரு வருஷம் நோட்டு திரும்பி வரல. கரையான் அரிச்சிடுச்சுன்னார். அடுத்த வருஷம் புத்தகம் வந்துச்சு. அட்டையில அவர் படம், கன்னத்துல கை வெச்சுக்கிட்டு. உள்ள அறுபத்தோரு பாட்டு. எல்லாம் நான் அழிச்சது.

கேக்காம இருப்பேனா? அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். சிரிச்சார். கரும்பலகையில எழுதினதெல்லாம் கல்லூரிச் சொத்தும்மா, அதுவும் அழிச்சப்புறம் யாருதுன்னு எப்படிச் சொல்ல முடியும்னார். விருது வந்துச்சு. அப்புறம் அதையே பாடமா வெச்சாங்க. யாப்பு எடுக்கறவ நான்தானே. பதினெட்டு வருஷம் அவர் பேரைச் சொல்லி என் பாட்டை நானே நடத்தினேன்.

அந்த மூணு வரிப் பாட்டுதான் ரொம்பப் பிரபலம். நாலாவது வரி இல்லாதது பெரிய உத்தின்னு கட்டுரை எழுதினாங்க. கூட்டத்துல யாராவது கேட்டா இவர் கண்ணை மூடி, கையை மெதுவா உயர்த்தி, ஒரு சிரிப்பு சிரிப்பார். பரிட்சையில கேள்வி வேற. நான்காம் வரியின் மௌனத்தை விளக்குக, அஞ்சு மார்க். ஒரு பொண்ணு மட்டும் எழுதியிருந்தா, கவிஞருக்கு வரி கிடைக்கல போலன்னு. முழு மார்க் போட்டேன்.

என்ன வரியா? அது என் வீட்டுக்காரருக்குச் சொன்னதும்மா.

தினம் எதைப் படிக்கிறேன்னு கேளு, சொல்றேன். அதைத்தான். அதை மட்டும்தான். மூணு வரி சொல்லிட்டு, சொல்லுங்க தலைவரேன்னு காத்துக்கிட்டிருப்பேன். உதடு துடிக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். போன வாரம் என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டார். ஆளு எப்படியோ, காது நல்ல காது. அதுக்கு அடுத்த சத்தம் வேணும். எங்கேர்ந்து எடுப்பார்? அவர்கிட்ட இருந்ததே மூணு வரிதானே. அழுறார்னு நர்ஸ் சொல்றாளா? கவிதை மனசைத் தொடுதுன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. நினைக்கட்டும்.

மத்த பாட்டா? சொல்லிப் பாக்காம இருப்பேனா. முதல் வாரம் அதுலதான் ஆரம்பிச்சேன். மூணாவது நாள், மழைப் பாட்டு. நிறுத்தினதும் கடைசி வரியை முழுசாச் சொன்னார். அட்சரம் பிசகல, அதே வெண்கலம். சொல்லிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கற மாதிரி என்னைப் பாத்தார். உன் தாள்ல அன்னைக்குக் கட்டத்துல சத்தம் எதுவும் இல்லைன்னு எழுதினேன். நீ பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்க. அடுத்த நாள்லேர்ந்துதான் இந்தப் பாட்டு.