இன்னும் ஒரு படி வெளிச்சம்

மணி மூன்று. நவம்பர் மாதத்து மூன்று மணி... விளக்குப் போட்டால் வீண், போடாவிட்டால் கண் தெரியாது. லெய் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. ஒரு பக்கம் பீட்கிழங்கு பிடுங்கிப் போட்ட சேற்று வயல். மறுபக்கம் ஆறு. நடுவில் ஒரே ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை.

ஆமாம், இந்த வீடுதான். எட்டிப் பார்க்காதீர்கள், உட்காருங்கள். ஓமேர் முன்னறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறான், இனி அவன் காதில் எதுவும் விழாது. அவன் பெண்டாட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குஸ்ட், அந்த நடுக்கதவைச் சாத்து. முழுக்கச் சாத்தாதே... சத்தம் கேட்கிற அளவுக்கு விடு.

இது குஸ்ட்டின் சித்தி அல்மாவுக்கு நடந்தது. சொன்னவள் குஸ்ட்டின் அம்மா லியோனி, அல்மாவின் அக்கா. பாதிரியாரைக் கேட்டால் லியோனிக்கு நரம்புக் கோளாறு என்பார். பாதிரியாரை நான் நம்புவதில்லை. லியோனியையும் முழுக்க நம்பியதில்லை. பிலிமை நம்புவேன். பிலிம் ஆலையில் முப்பது வருஷம் அதை இருட்டில் வெட்டியவன் நான்.

அல்மாவுக்கும் அதே ஆலையில்தான் வேலை. என்ன வேலை? சும்மா உட்காரும் வேலை. சிரிக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குப் புதிதாக ஒரு பூச்சு போட்டால், அது எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பெண்ணை வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கேமரா நகராது, நாற்காலி நகராது, பெண்ணும் நகரக் கூடாது. வெளிச்சம் மட்டும் மாறும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு. அதை ஒரு படி என்போம். ஆரம்பத்துப் படங்களில் எல்லாம் கரி. நடுவில் சரியாக இருக்கும். படி ஏற ஏறச் சட்டை வெளுக்கும், முகம் வெளுக்கும், கடைசியில் ஆளே சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். ஆனால் அதே படத்தில், இருட்டாகக் கிடந்த மூலையெல்லாம் அப்போதுதான் கண் திறக்கும்.

பெண் அசைந்தால் சுருள் மொத்தமும் பாழ். குற்றம் பிலிம் மேலா, பெண் மேலா என்று தெரியாது. அதனால் ஆலையில் ஒரு பழக்கம். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் "முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். அவன் வாயால் சொல்லும் வரை உட்கார்ந்தவள் இமைக்கவும் மாட்டாள்.

அல்மா அதில் கெட்டிக்காரி. ஒரு முறை குளவி ஒன்று அவள் உதட்டின் மேல் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தது. அவள் அசையவில்லை. பொட்டலம் கட்டும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"உன்ன கோயில்ல மாதா பக்கத்துல நிறுத்துனா எது சிலைன்னே தெரியாதுடி."

"மாதாவாச்சும் அழுவாங்க. இவ அதுவும் மாட்டா."

அல்மா சிரித்துக்கொள்வாள். பெரிய அழகில்லை, படிப்பில்லை. இந்த ஒன்றுதான் அவளுடைய பெருமை.

அந்தக் கேமராவுக்குப் பின்னால் நின்றவன்தான் ஓமேர். அவனுடைய முதல் மனைவி ரேனில்டா. ஓர் இடத்தில் நிற்காதவள்... பேசினால் கை ஆடும், உட்கார்ந்தால் கால் ஆடும். ஒரு ராத்திரி ஆற்றில் விழுந்தாள். விடியற்காலையில் இழுத்துப் போட்டார்கள். போலீஸ் வரும் வரை இந்தக் கொட்டகையில்தான் பலகை மேல் கிடத்தியிருந்தார்கள். ஒரு காலில் மரக்காலணி இருந்தது. மறு கால் வெறுங்கால்.

வருஷம் திரும்புவதற்குள் ஓமேர் அல்மாவைக் கட்டிக்கொண்டான். "நாற்காலியோட சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றது ஆலை. அல்மாவுக்கு அவன் மேல் ஆசைதான். அவளை உற்றுப் பார்த்த ஒரே ஆண் அவன். கேமரா வழியாகப் பார்த்தான், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

வந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கொட்டகைய இடிச்சிடு ஓமேர். அடுப்புகிட்ட நிக்கும்போதெல்லாம் என் முதுகு அந்தப் பக்கமாத்தான் இருக்கு."

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்றவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலையிலிருந்து கொண்டுவந்த புதுப் பிலிமோடு அவளைக் கொட்டகைக்கு முன்னால் உட்கார வைத்தான். வெள்ளைச் சுவர், கறுப்பு வாசல், நடுவில் வெள்ளைச் சட்டைப் பெண். சோதனைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்றான். மேகம் மூடிய வானம். நிழலே விழாத வெளிச்சம்.

ராத்திரி இதோ இந்தத் தொட்டியில் பிலிமைக் கழுவி, படம் போட்டு, அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிட்டான். கடைசிப் படத்தில் அல்மா முகம் வெளுத்திருந்தது. அவளுக்குப் பின்னால், கொட்டகை வாசலுக்குள்ளே, ஆழத்தில்... மங்கலாக ஒரு முட்டை வடிவம்.

"மாவு மூட்டையா?" என்றாள் அல்மா.

ஓமேர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சூப் ஆறி ஆடை கட்டியது.

அடுத்த ஞாயிறு மறுபடி. இந்த முறை இரண்டு படி கூட்டினான். படத்தில் அல்மாவுக்கு மூக்கு வாய் எதுவும் இல்லை. மொத்தமும் வெள்ளை. வாசலுக்குள் நின்றவள் நன்றாகத் தெரிந்தாள். ஈரத் தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு. ஓமேரின் முதல் கல்யாணப் படத்தில் பார்த்த முகம். அல்மாவின் கையிலிருந்து தட்டு விழுந்தது.

"இனிமே நான் உக்கார மாட்டேன்."

"நீ உக்காந்தாத்தான் அவ வர்றா."

"அப்போ நான் யாரு உனக்கு?"

ஓமேர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நீ வெள்ளை. வெள்ளைன்னு ஒண்ணு இருந்தாத்தான் கறுப்பு எவ்வளவு ஆழம்னு தெரியும்."

அந்த வாரம்தான் ரொட்டிக் கடையில் அது நடந்தது. வரிசையில் அல்மா முன்னால் நிற்கிறாள். கடைக்காரி அவள் தலைக்கு மேலே பார்த்து, "அடுத்தது யாரு?" என்கிறாள்.

"நான்தான்."

"அட, நீ எப்போ வந்தே?"

மறுநாள் லியோனி வீட்டுக்குப் போனாள். லியோனி அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏண்டி, உன் புருவம் எங்கடி போச்சு?"

புருவம் இருந்தது. நிறம்தான் இல்லை. உதட்டிலும் இல்லை. வெயிலே காணாத மாதத்தில் கன்னம் வெந்து தோல் உரிந்திருந்தது. காப்பியில் லியோனி உப்பைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அல்மா குடித்து முடித்து, நன்றாக இருந்தது என்றாள்.

"அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதடி."

"கொட்டகைய இடிச்சிட்டா சரியாயிடும்க்கா."

ஓமேருக்குத் தெரியாதா? தெரியும். வெளுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதானே அவன் தொழில்.

மூன்றாவது ஞாயிறு. மணி மூன்று. ஆற்றங்கரையில் ஒரு நாய்கூட இல்லை.

"அல்மா, கண்ணு," என்றான். அப்படி அவன் கூப்பிட்டதே இல்லை. "இது கடைசி. அவ போயிட்டாளான்னு பாத்துடறேன். நாளைக்குக் காலையில கொட்டகை இருக்காது."

"நெஜமா?"

"கோடாலியப் பாரு. வாசல்ல சாத்தி வெச்சிருக்கேன்."

பார்த்தாள். புதுக் கோடாலி, சாத்தியிருந்தது. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

முதல் படம்... டிக். இரண்டாவது... டிக். பிறகு சத்தம் நீண்டது. அதன் பிறகு ஓமேர் கேமராக் கண்ணின் மூடியைக் கையால் எடுத்து, வாயால் எண்ணி, மூடியைத் திரும்பப் போட்டான். ஒரு படி. இன்னொரு படி.

முதலில் வந்தது நாற்றம். நாருக்காக ஆளிச்செடித் தண்டை ஆற்றில் ஊறப் போட்டால் வருமே, அழுகல் நாற்றம், அது. கோடையில் வர வேண்டிய நாற்றம். நவம்பரில் யார் ஆளி ஊறப் போடுகிறார்கள்?

பிறகு முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம்.

பிறகு... டொக். சப். டொக். சப். மரக்காலணி ஒரு அடி, ஈரமான வெறுங்கால் ஒரு அடி.

"ஓமேர்," என்றாள் அல்மா, உதடு அசையாமல்.

"அசையாத."

அவள் ஓமேரின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்து, மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இத்தனை அழகாகச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

டொக். சப்.

நின்றது.

எழுந்து ஓடியிருக்கலாம். நீங்களும் நானும் ஓடியிருப்போம். அசைந்தால் சுருள் பாழ், மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும்... இன்னும் கொஞ்சம் தாங்கினால் நாளைக்குக் கொட்டகை இருக்காது. குளவியைத் தாங்கியவள் அல்லவா.

தோளில் ஒரு கை விழுந்தது. கழுத்துப்பட்டி வழியாகச் சில்லென்று தண்ணீர் இறங்கியது. அவள் இமைக்கவில்லை.

"இன்னும் ஒரு படி," என்றான் ஓமேர். அவ்வளவு இதமாகச் சொன்னான்.

தன்னிடம்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் லியோனி வந்து கதவைத் தட்டினாள். ஓமேர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் வெள்ளைச் சட்டையோடு அல்மா. அல்மாவின் முகம், அல்மாவின் சடை. ரொட்டியைக் கிள்ளுகிறாள், கரண்டியைத் தட்டுகிறாள், மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது.

"அல்மா?"

"என்னக்கா?" என்றாள், கையை ஆட்டிக்கொண்டு.

லியோனி உட்காரவில்லை. அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கிய படங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். அந்தப் படங்களைத்தான் நான் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

முதல் படங்களில் கரி. நடுவில் ஒரு படம், அற்புதமான படம். வெள்ளையும் தாங்கியிருக்கிறது, கறுப்பும் தாங்கியிருக்கிறது. நாற்காலியில் அல்மா, அவள் தோளில் கை வைத்துக்கொண்டு மற்றவள். அதன் பிறகு அல்மா வெளுத்துக்கொண்டே போகிறாள்.

கடைசிப் படம். நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்... ஆனால் மொத்தமும் கலங்கல். கை நாலு, தலை இரண்டு. அசைந்திருக்கிறாள். அத்தனை நீளமான வெளிச்சத்துக்கு அசைந்தால் அப்படித்தான் விழும். பின்னால் கொட்டகை இருட்டுக்குள் ஒருத்தி நிற்கிறாள். வெள்ளைச் சட்டை. ஒரு மயிர்கூடக் கலங்கவில்லை. இமை மயிரை எண்ணலாம். அப்படி நிற்கத் தெரிந்தவள் இந்த ஜில்லாவிலேயே ஒருத்திதான்.

லியோனி ஆலை வாசலில் ஓமேரை வழிமறித்து, எல்லோர் முன்னாலும் காலில் விழுந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு ஓமேர். முடிஞ்சுதுன்னு சொல்லு. அவள விட்டுடு."

"சொன்னா அவ வருவா," என்றான். "அவ வந்தா, இவ எங்க போவா?"

அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

லியோனியே கொட்டகை வாசலில் நின்று எத்தனையோ தடவை கத்திப் பார்த்தாள். முடிஞ்சுதுடி, முடிஞ்சுது, வெளிய வா... கேமராவுக்குப் பின்னால் நின்றவன் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அல்மா கேட்க மாட்டாள். ஆலையில் அவளை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். லியோனியும் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கோடாலி இன்னும் வாசலில்தான் சாத்தியிருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு நாளும் வெட்டியதில்லை. துருவேறி நிற்கிறது.

ஓமேர் புதன்கிழமை செத்தான். பாதிரியார் எண்ணெய் பூசும்போது நானும் இருந்தேன். கடைசி வரை வாய் பேசியது. தண்ணீர் கேட்டான், தலையணையைத் திருப்பச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

முன்னறையில் கேட்கிறதா... கிரீச். கிரீச். நாற்காலிதான். பிணத்துக்குப் பக்கத்தில்கூட அவளால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது.

இப்போது பின்பக்கம் காது கொடுங்கள். கொட்டகைப் பக்கம். குஸ்ட், கோப்பையைக் கீழே வை.

ஒரு சத்தமும் இல்லை, அல்லவா? மூச்சுகூட இல்லை.

அவள்தான்.