எட்டு அறையிலும் ஆள்

மாலை ஏழேகால் மணி. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகிற ஒற்றைச் சாலை. கடைசிப் பேருந்து போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சாலையில் வெளிச்சம் என்று இருந்தது ஒரு லாட்ஜின் பெயர்ப்பலகை மட்டும்தான்...

யார் சிரித்தது? சிரிக்கிறவன் இன்றைக்குத் தனியாகத்தான் கழிவறைக்குப் போகவேண்டும், சொல்லிவிட்டேன். நான் துணைக்கு வரமாட்டேன்.

நம் பட்டறை வெல்டர் இருக்கிறானே, அவனுடைய சொந்தச் சித்தப்பாதான் அந்த லாட்ஜ் முதலாளி. கீழே எட்டு அறைகள். மாடியில் வீடு. வீட்டில் அவரும் சித்தியும் மட்டும். பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் கட்டடம்தான் அவருக்குப் பிள்ளை.

அவருக்கு ஒரு வழக்கம். வருகிறவன் முகம் பிடிக்காவிட்டால் இடமில்லை என்று வெறுமனே சொல்லமாட்டார். கண்ணாடிக் கதவு வழியாக ஆளைத் தூரத்திலேயே எடைபோட்டுவிடுவார். உடனே சுவர் ஆணிகளில் தொங்குகிற சாவிகளை ஒரே வாராக வாரி, மேசை இழுப்பறைக்குள் கொட்டி மூடிவிடுவார். ஆள் உள்ளே வரும்போது ஆணிகள் மொட்டையாக நிற்கும். வாயைத் திறக்கவே வேண்டாம், கையைக் காட்டினால் போதும். இதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. பாழாய்ப்போன பெருமை.

அன்றைக்கு வந்தவர் ஒரு கிழவர். தொப்பலாக நனைந்திருந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. இருமல் ஆரம்பித்தால் நிற்பதாக இல்லை.

"ஒரு ராத்திரி மட்டும் தலையைச் சாய்ச்சுட்டுப் போயிடறேன் தம்பி."

சித்தப்பா சுவரைக் காட்டினார். "ஒரு சாவிகூட இல்ல, பாருங்க. எட்டு ரூம்லயும் ஆள் இருக்கு."

எட்டும் காலி என்று மாடிப்படியில் நின்ற சித்திக்குத் தெரியும். "ஏங்க, அந்தக் கடைசி ரூமையாவது குடுங்களேன்" என்று முணுமுணுத்தாள்.

"நீ மேல போ. இருமறவனைப் படுக்கவெச்சா நாளைக்கு எவன் வருவான்?"

கிழவர் ஆணிகளைப் பார்த்தார். இழுப்பறையைப் பார்த்தார். உள்ளே சாவிகள் இன்னும் அடங்கவில்லை... மெல்லச் சிணுங்கிக்கொண்டிருந்தன.

"இருக்கட்டும் தம்பி" என்றார். "எட்டுலயும் ஆள் இருக்கட்டும்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

காலையில் பால்காரர்தான் பார்த்தாராம். எதிரே பேருந்து நிழற்குடை. உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. முகம் லாட்ஜைப் பார்த்தபடி. கண் மூடவில்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தப்பாவோ, "நானா வரச் சொன்னேன்?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

பிறகு சாவிகளை மாட்ட இழுப்பறையைத் திறந்தார். ஒன்று குறைந்தது.

முதல் அறை உள்ளே தாழிட்டிருந்தது. ஆளைக் கூப்பிட்டு உடைத்துத் திறந்தார்கள். யாரும் இல்லை. மெத்தை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி மருந்து நாற்றம். தலையணையில் ஒரு தலை அளவுக்குப் பள்ளம்.

மறுநாள் பட்டப்பகலில் ஒரு மருந்து விற்பனைக்காரர் வந்தார். இரண்டாம் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னங்க, ஆள் இருக்கிற ரூமைக் குடுக்கறீங்க? கட்டில்ல ஒருத்தர் முதுகைக் காட்டி உக்காந்திருக்காரு. திரும்பிக்கூடப் பாக்காம ஆள் இருக்குங்கறாரு."

சித்தப்பா ஓடிப்போய்ப் பார்த்தார். தாழ் விழுந்திருந்தது.

அப்படியே ஒவ்வொன்றாக... மூன்று, நான்கு, ஐந்து. கூட்டிப் பெருக்குகிறவள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அந்தி சாய்ந்தால் எட்டுக் கதவுகளின் அடியிலும் வெளிச்சம். எட்டுக் குழாய்களும் திறக்கிற சத்தம். முதல் அறையில் ஒரு இருமல் கிளம்பும். அடுத்த அறை பதில் இருமும். பிறகு அதற்கடுத்தது. எட்டும் ஒரே இருமல். ஒரே தொண்டை.

விற்றுத் தொலைக்கலாம் என்று ஒரு ஆளை வரவழைத்தார். வந்தவர் வாசலோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யோவ், இவ்வளவு கூட்டமா ஓடற லாட்ஜை எவனாவது விப்பானா? இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு." வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் சித்தப்பா உடைந்துபோனார். நடையின் நடுவில் நின்று கத்தினார். "எட்டையும் எடுத்துக்கய்யா. மாடியை மட்டும் விட்டுடு. எனக்கும் தலை சாய்க்க ஒரு இடம் வேணாமா?"

குழாய்கள் நின்றன. இருமல் நின்றது. ஒப்புக்கொண்டுவிட்டது என்று மனிதர் நினைத்துவிட்டார். அன்றிரவே வெல்டருக்குப் போன் போட்டு, நான் உங்களிடம் சொன்னதையெல்லாம் அவனிடம் சொல்லிக் குழந்தை மாதிரி அழுதாராம்.

அடுத்த நாள் டவுனுக்குப் போய்விட்டுக் கடைசிப் பேருந்தில் திரும்பினார். நல்ல மழை. மாடியேறிக் கதவைத் தட்டினார். சித்தி சங்கிலியைப் போட்டபடியே விரலளவு திறந்தாள்.

"யாருங்க?"

"நான்தாண்டி. கதவைத் திற."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. "வீட்டுக்காரர் தூங்கறாரு. லாட்ஜ் கீழ இருக்கு, அங்க போய்க் கேளுங்க." கதவு சாத்திக்கொண்டது.

இதுவும் அவர் போனில் சொன்னதுதான். நிழற்குடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "டேய், எட்டு ரூமையும் தட்டிட்டேன்டா. என் வீட்டையும் தட்டிட்டேன். யாரும் திறக்கல. குளிருதுடா..." அப்புறம் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் வெல்டர் வண்டியை எடுத்துவிட்டான்.

விடியவிடிய வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். சித்தப்பா கட்டையாகக் கிடந்தார். அவன் அழுதுகொண்டே மாடிக்கு ஓடிச் சித்தியின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் நிழற்குடைக்குள் குனிந்து புருஷன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"ஐயோ பாவம். யாரோ வழிப்போக்கர்ப்பா. ராத்திரி வந்து கதவைத் தட்டினாரு."

"சித்தி, நல்லாப் பாரு. சித்தப்பா."

அவள் அவன் கையை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தாள். "மெதுவாப் பேசு. உங்க சித்தப்பா மேல இப்பத்தான் கண்ணசந்திருக்காரு."

வெல்டர் தலையைத் தூக்கிப் பார்த்தான்... மாடி ஜன்னலில் யாரோ உள்ளிருந்து திரையை இழுத்து மூடினார்கள்.