ஏழாம் எண்ணின் கோடு

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, அம்மையாரைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பத்தாரே, மாணவ மாணவியரே, வணக்கம். இந்தக் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சுவர்ப்படம் வரைபவன் நான். மேடையேறிப் பழக்கமில்லை. உடற்கூறியல் துறைத் தலைவர் அம்மையார், நீங்களெல்லாம் 'கேள்வி மேடம்' என்று அழைத்தவர், எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆறு ஆண்டுகளாக அதை முடிக்காமல் இழுத்தடித்தேன். அவரே போய்விட்ட பிறகு யாரிடம் போய்ச் சொல்வது என்று குழம்பித்தான் இங்கே நிற்கிறேன்.

படக்கூடத்தில் பெண்ணின் பிறப்புறுப்புப் படம் ஒன்று உண்டு. ஈரத்தில் நைந்து போகும்போதெல்லாம் பழையதைப் பார்த்துப் புதிதாக வரைவேன். அப்படி மூன்று முறை வரைந்திருக்கிறேன். அம்மையார் பொறுப்பேற்ற முதல் நாள் அந்தப் படத்தின் முன் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஏழாம் நம்பர் கோடு எங்க போய் முடியுது?"

பார்த்தேன். கோடு வெற்றுத் துணியில் முடிந்திருந்தது. கீழே பட்டியலில் ஏழுக்கு நேராகப் பெயரும் இல்லை.

"பழைய படத்துலயும் அப்படித்தாங்க மேடம் இருந்துச்சு."

"இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலையா?"

யார் கேட்டார்கள்? வரைந்த நான் கேட்டேனா? இதைப் பார்த்துப் படித்து டாக்டரானவர்கள் கேட்டார்களா? ஆறைப் படித்தோம், எட்டுக்குத் தாவினோம்.

மறுநாள் என்னை, மாணவர்கள் சடலத்தை அறுத்துப் படிக்கும் அறுவைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அந்த ஏழாம் கோடு போய்ச் சேர வேண்டிய கிளிட்டோரிஸ் என்ற உறுப்பை அங்கேதான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். வெளியே பட்டாணி அளவுக்குத் தெரிவது அதன் நுனி மட்டும். உள்ளே அது இரண்டு கால்களாகப் பிரிந்து எலும்பை ஒட்டிப் போகிறது. யோனி வாயின் இரு பக்கமும் பஞ்சு போன்ற திசு அணைத்தாற்போல் இருக்கிறது. மொத்தமாக அளந்தால் என் உள்ளங்கை அகலம். எனக்கு அப்போது கல்யாணமாகி இருபது வருடம் முடிந்திருந்தது.

புதுப் படம் தயாரானதும் மூத்த பேராசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். அவர் பெயர் இப்போது வேண்டாம்.

"இவ்வளவு பெரிசா வரையணுமாம்மா?"

"பெரிசா வரையச் சொல்லல சார். இருக்கிற அளவுக்கு வரையச் சொன்னேன்."

பிறகு அம்மையார் இன்னொரு படம் கேட்டார். கிளர்ச்சி ஏற்படும்போது அதே உறுப்பில் ரத்தம் நிரம்பி வீங்கும், அந்த நிலையையும் காட்ட வேண்டும் என்றார். சிவப்பைக் குழைத்துக்கொண்டே, "எத்தனை நிமிஷத்துல இப்படி ஆகும்னு ஓரத்துல எழுதிரட்டுங்களா?" என்று கேட்டேன். அம்மையார் சிரித்துவிட்டார்.

"ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும். அசதியா இருந்தா, பயமா இருந்தா ஆகாமலே போகும். சில நேரம் உடம்பு இப்படி ஆகும், மனசுல விருப்பமே இருக்காது. விருப்பம் இருக்கும், உடம்பு ஒத்துழைக்காது. எதை எழுதுவீங்க?"

"அப்புறம் எப்படித்தாங்க மேடம் தெரிஞ்சுக்கிறது?"

"கேட்டுத்தான்."

"யாரை?"

"உங்க வீட்ல யாரு இருக்கா?"

அதுதான் அவர் கொடுத்த வேலை. மனைவியிடம் கேட்பது, பதில் எதுவானாலும் காது கொடுத்துக் கேட்பது. ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்கும்போது, "கேட்டீங்களா?" என்பார். "கேக்கணுங்க மேடம்" என்பேன். எதை முதலில் கேட்பது? எந்த வார்த்தையில் கேட்பது? 'இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க' என்று அவள் திருப்பிக் கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? ஒரு ஊருக்கே படம் போட்டுக் காட்டியவனுக்குச் சொந்த வீட்டில் வாய் வரவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மையார் இறந்த செய்தி போன வியாழக்கிழமை மதியம் வந்தது. வீட்டுக்குப் போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, தடுமாறி, பாதியை விழுங்கி, ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்கவில்லை, நான் ஏதாவது தெரியாமல் செய்கிறேனா என்று.

திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த சட்டையை அவள் மடித்து முடிக்கவே இல்லை.

"எனக்கே தெரியலைங்க," என்றாள். "யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல."

அம்மையாரே, இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீங்கள் இருந்திருந்தால் ஓடிவந்து கேட்டிருப்பேன். இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என்னால் அவ்வளவு பெரிதாகச் சொல்ல முடியவில்லை.

முதல்வர் அவர்களே, கூட்டம் முடிந்ததும் படக்கூடத்தின் சாவியை அரை மணி நேரம் எனக்குத் தர வேண்டும். என் மனைவி வந்திருக்கிறாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.